பிரேக் மாஸ்டர் மகளுக்கு ஊசி

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் மிதிகள் இருக்கும். பிரேக் இருக்கும், கிளட்ச் இருக்கும். ஆக்சிலேட்டர் மட்டும் இருக்காது. வண்டியை நிறுத்துகிற அதிகாரம் முழுக்க அவருக்கு. நகர்த்துகிற அதிகாரம் துளிக்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட இருக்கையில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்று தெரிய வேண்டுமானால் நம் பிரேக் மாஸ்டரைப் பார்த்தால் போதும்.

அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டுக்கு அடியில் காலை விட்டு மிதிப்பார். முன்னால் இருப்பவர் தன் செருப்பைத் தேடிக் குனிந்து பார்ப்பார். வீட்டில் சோபாவில் சாய்ந்து சினிமா பார்க்கும்போது காரைக் கார் துரத்தும் காட்சி வந்துவிட்டால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து நூல் வெளியே தெரிகிறது. புது விரிப்பு வாங்கலாம் என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி, "வாங்கினா அதையும் மிதிச்சே கொல்லுவீங்க" என்று சொல்லி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். வருகிறவர் மூக்கில் கனமான கறுப்பு ஃபிரேம் ஒன்றை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு நல்லா தெரியுதா, ரெண்டு நல்லா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி வீட்டுக்கும் வந்துவிட்டது. நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? ஒண்ணா, ரெண்டா? காப்பியா, டீயா? ஒண்ணா, ரெண்டா? மாஸ்டர் சட்டென்று பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

இவர்களுக்கு ஒரே மகள். வயது ஒன்று தாண்டிவிட்டது. நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள்தான், அது ஆஸ்பத்திரிச் சீட்டோடு சரி. பிறந்த அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தைக் கேட்ட மாஸ்டர், "என் தொழிலுக்குத் தோதாத்தான் வந்திருக்கா" என்று பூரித்துப் போய் ஹாரன் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. பசித்தால் ஹாரன், தூக்கம் வந்தால் ஹாரன், எதிர்வீட்டுப் பூனை மதிலிலிருந்து இறங்கிப் போய்விட்டால் நீண்ட ஹாரன். வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஹாரன் எதையோ வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒருநாள் அப்படி இல்லாமலே சத்தம் நின்றது. முதல் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் முன்பு, சாதாரணச் சளிக் காய்ச்சலில், அப்பாவின் மடியில் இருந்தபடியே குழந்தை விறைத்தாள். கண் மேலே செருகியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மாஸ்டர் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையை மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் அது தானாக நின்றபோது அவர் உடம்பில் ஒரு பொட்டு ஈரமில்லாத இடம் இல்லை.

"காய்ச்சல்ல வர்ற வலிப்பு. சில பிள்ளைங்களுக்கு வரும், அஞ்சாறு வயசு ஆனா போயிடும். மூளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் குழந்தை டாக்டர். ஐம்பதைத் தொட்ட பெண்மணி, பூசி மெழுகத் தெரியாதவர். மனைவி நம்பினாள். மாஸ்டரும் நம்பினார். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அறைக்கு ஒரு தெர்மாமீட்டர்.

தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டிய தேதி வந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம் என்று நர்ஸ் சொன்னது மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது. குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, அடுத்த வாரம் போகலாம் என்றார். அடுத்த வாரம் பல் முளைத்தது. அதற்கடுத்த வாரம் தூறல். அதற்கும் அடுத்த வாரம் கிளினிக்கில் கூட்டமாம்; கூட்டத்தில் நோய் ஒட்டிக்கொள்ளுமாம். நோய் ஒட்டாமலிருக்கப் போடும் ஊசிக்கு, நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து போகாத ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

மனைவி தன் பாட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் உதறல் இருந்தது. நாளைக்கே காய்ச்சல் வந்து, வலிப்பும் வந்தால், "நீதானே கொண்டு போனே" என்ற பார்வை ஒன்று வருமே, அதை எந்த லென்ஸ் போட்டும் சரிசெய்ய முடியாது. சரி என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று அவள் பிடிவாதமாகக் காத்திருந்தாள்.

இதற்கிடையில்தான் அந்தக் குழந்தை டாக்டர் மாஸ்டரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். இத்தனை காலம் காரோட்டிக்கொண்டிருந்த அவர் கணவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கையளவு குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றுகிற அந்தக் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வெடவெடவென்று ஆடின.

"மாஸ்டர், அந்த லாரி நம்ம மேல வந்துடாதில்ல?"

"வராது டாக்டர். நீங்க உங்க லேன்ல போங்க."

"நிச்சயமா வராதா?"

"நிச்சயமான்னா எப்படிச் சொல்றது? அவன் தூங்கிட்டான்னா வரும். அதுக்காக ரோட்டுல யாருமே போகாம இருக்காங்களா? தைரியமா அழுத்துங்க."

லாரி போய்விட்டது. மாஸ்டருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று பட்டது. ஓசியில் ஒரு உத்தரவாதம் வாங்கிவிடலாம் என்று மெல்ல டாக்டரின் வாயைப் பிடுங்கினார்.

"டாக்டர், அந்தத் தட்டம்மை ஊசி போட்டா எங்க பாப்பாவுக்கு வலிப்பு வராதில்ல?"

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்."

மாஸ்டரின் கால் பிரேக்கைத் தொட்டது. கார் ஒரு தடவை தலையாட்டியது.

"இப்ப ஏன் பிரேக் போட்டீங்க? முழுசா கேளுங்க. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு காய்ச்சல் வரலாம். ஏற்கெனவே வலிப்பு வந்த பிள்ளைக்கு அந்தக் காய்ச்சல்லயும் வர ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. வந்தாலும் போன தடவை மாதிரி வந்துட்டுப் போயிடும். இது ஒரு பக்கம். தட்டம்மையே வந்துச்சுன்னா காய்ச்சல் வருமாங்கற கேள்வியே இல்ல, உடம்பு கொதிக்கும். அதுல வலிப்பு வர வாய்ப்பு இதைவிட அதிகம். அது போக நிமோனியா வரும், காது போகும், சில பேருக்கு மூளைக்கே போயிடும். நிறையப் பிள்ளைங்க தேறிடும். தேறாத பிள்ளைங்களையும் நான் பார்த்திருக்கேன் மாஸ்டர்."

டாக்டர் சொன்னது இவ்வளவு. மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனது, "வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்" என்ற முதல் வரியை மட்டும். அதை மனைவியிடம் சொல்லி, "டாக்டரே சொல்லிட்டாங்க பாரு" என்று நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் நெஞ்சு பழைய இடத்துக்கே போனது.

அந்த வாரம் பக்கத்துத் தெரு சலவைக் கடையின் ஷட்டர் திறக்கவே இல்லை. கண்ணாடிக் கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டை மனைவி அங்கேதான் கொடுத்திருந்தாள். கோட்டைக் கேட்கப் போனவளிடம் பக்கத்துக் கடையில் விஷயத்தைச் சொன்னார்கள். சலவைக் கடைக்காரரின் மகனுக்குத் தட்டம்மை. மூன்று வயது. முதலில் கண் சிவந்தது, இருமல் வந்தது, உடம்பெல்லாம் தடித்தது. இப்போது நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிறான்.

"ஊசி போட்டிருந்தாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"போடலாம் போடலாம்னு இருந்தாங்களாம்."

அன்று சாயங்காலம் அவள் கோட்டு இல்லாமல் வீடு திரும்பினாள். கைப்பையில் மட்டும் கடையின் கறுப்பு ஃபிரேம் இருந்தது. ஹாரன் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஒரு கரண்டியால் அப்பாவின் கால் விரல்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி ஃபிரேமை எடுத்து மாஸ்டர் மூக்கில் மாட்டினாள்.

"என்னம்மா இது, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"தெரியுதான்னு பார்க்கலாம்." ஒரு லென்ஸைச் செருகினாள். "இது ஒண்ணு. ஊசி போடறோம். காய்ச்சல் வரலாம், ஒருவேளை வலிப்பும் வரலாம்." அதை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினாள். "இது ரெண்டு. ஊசி போடல. தட்டம்மை பக்கத்துத் தெருவுல இருக்கு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுமே மங்கலாத்தான் இருக்கு."

"எங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. மங்கலா இருந்தாலும் இதுல எது பரவால்லன்னு சொல்லணும். அதான் வழி."

"மூணாவது இருக்கா?"

"மூணாவதுன்னா?"

"ஒரு ஆபத்தும் இல்லாதது."

"அந்த லென்ஸை இன்னும் யாரும் செய்யல."

மாஸ்டர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது கால் எங்கே போகும் என்றுதான் நமக்குத் தெரியுமே. மேஜைக்கு அடியில் கரண்டி நசுங்கியது, ஹாரன் அலறினாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கில் ஃபிரேமோடு அங்குமிங்கும் நடந்தபடி சொன்னார்: "நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குன்னு சொல்றதும் ரெண்டுதாங்க." ஃபிரேமைக் கழற்றிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை அவள். அன்றைக்குக் கத்தியிருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை டாக்டருக்கு ரயில் கேட் பாடம். அதைச் சொல்லிக்கொடுப்பதில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, வழக்கம்போல முதலில் வாயால் ஓட்டினார்.

"அந்தப் பக்கம் நம்ம கார் நிக்க இடம் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஏறக் கூடாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இங்கயே நிக்கலாம், யாரு ஹாரன் அடிச்சாலும் கவலைப்படாதீங்க. ஆனா ஏறிட்டீங்கன்னா ஏறினதுதான். கியர் மாத்தக் கூடாது. நிக்கக் கூடாது. மனசு மாறினாக்கூட அந்தப் பக்கம் போய்த்தான் மாறணும். எங்கே, சொல்லுங்க?"

டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். கேட் திறந்திருந்தது, எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. முதல் கியர், மெதுவாக கிளட்ச், சீராக ஆக்சிலேட்டர். கார் தண்டவாளத்தில் ஏறியது. டாக்டரின் கை முதல்முறையாக ஆடவில்லை. அற்புதமாக ஓட்டினார் என்றே சொல்ல வேண்டும்.

அப்போது வலது பக்கத்திலிருந்து ஏதோ வெள்ளையாகப் பறந்து வந்தது. வெறும் பிளாஸ்டிக் பை. காற்றில் உப்பி, காரின் மூக்கைத் தொட்டுவிட்டுப் போயே போய்விட்டது. ராத்திரியெல்லாம் சரியாகத் தூங்காத மாஸ்டர் அதைப் பையாகப் பார்க்கவில்லை. எதுவாகப் பார்த்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. கால் மட்டும் தன் கடமையைச் செய்தது.

கார் குலுங்கி நின்றது. எஞ்சின் அணைந்தது. முன்சக்கரம் ஒரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பின்சக்கரம் இன்னொன்றுக்கு இந்தப் பக்கம்.

டாக்டர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது, கிளட்சை விட்டதும் அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி அணைந்தது. அந்த நேரம் பார்த்து கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது.

"மாஸ்டர், காலை எடுங்க!"

"எடுத்துட்டேன்!"

"எடுக்கல! பிரேக் மேலதான் இருக்கு!"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஆமாம், இருந்தது. அவருடைய கால்தான், அவருடைய ஷூதான். எடு என்று மனசு சொன்னது, அது எடுக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, இங்கே ஒரு கால் மிதியோடு ஒட்டியே போய்விட்டது. கேட் அறையிலிருந்து யாரோ கத்துவது கேட்டது. டாக்டர் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. கையை ஓங்கி, அவர் முழங்காலுக்குக் கீழே கைவிளிம்பால் ஒரு போடு போட்டார். அதை வைத்தியத்தில் சேர்ப்பதா, அடிதடியில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. கால் எகிறியது. எஞ்சின் உறுமியது. கார் இரண்டு தவ்வுத் தவ்வி, மறுபக்கம் போய்ச் சேர்ந்து, ஓரமாக நின்றது. பின்னாலேயே கேட் இறங்கியது.

கேட்கீப்பர் படியிறங்கி ஓடி வந்தார். காக்கிச் சட்டையில் பாதிப் பொத்தான் போட்டிருக்கவில்லை.

"யாருய்யா ஓட்டினது?"

"நான்தாங்க" என்றார் டாக்டர்.

அவர் குனிந்து காரின் உள்ளே பார்த்தார். இரண்டு பக்கமும் மிதிகள் இருப்பதைக் கவனித்தார். "அப்ப நிறுத்தினது?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான்தான்."

"நீ சொல்லிக்குடுக்கிற ஆளா? நல்லாச் சொல்லிக்குடுத்தே போ! நிக்கிறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலியாய்யா? கேட்டுக்கு முன்னாடி நில்லு, நாள் பூரா நில்லு, டீ குடிச்சுக்கிட்டே நில்லு, யாரு வேணாம்னா? தண்டவாளத்து மேல நின்னுக்கிட்டு பிரேக் போட்டா பத்திரமா இருப்பேன்னு யாரு உனக்குச் சொன்னது?"

கேட்கீப்பர் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் ஒற்றை எஞ்சின் ஒன்று, பெட்டி எதுவும் இல்லாமல், சாவகாசமாக வந்தது. சாவகாசமாக வந்தும் பூமி அதிர்ந்தது. காரின் கண்ணாடியில் தொங்கிய குட்டி பொம்மை, எஞ்சின் போய் மறைந்த பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஹாரன் கடித்துக் காதில்லாமல் ஆக்கிய பொம்மை அது.

மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வாரமாகத் தான் எங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்டுக்கு முன்னால் நிற்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். மகளை மடியில் வைத்துக்கொண்டு, பல் முளைக்கட்டும், தூறல் நிற்கட்டும் என்று பிரேக்கை மிதித்துக்கொண்டு, மணி அடிக்கிற தண்டவாளத்தில் நின்றிருக்கிறார். பயத்தில் அவருக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது. பக்கத்துத் தெருப் பையனை நினைத்ததும் வெட்கத்துக்கு நேரமில்லை என்றும் தோன்றியது.

"டாக்டர், கிளினிக் எப்போ திறப்பீங்க?"

"நான் போனாத்தான் திறக்கும். இப்ப என் கை கால் உதறல் நிக்கட்டும் முதல்ல. எதுக்குக் கேக்கறீங்க?"

"இப்பவே போலாம். நான் ஓட்டறேன். நீங்க இந்தப் பக்கம் வாங்க."

இருவரும் இடம் மாறினார்கள். மாஸ்டரின் இருக்கையில் உட்கார்ந்த டாக்டர் காலடியில் இருந்த மிதிகளைப் பார்த்ததும் இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டார். "நான் எதையும் தொடல மாஸ்டர். நீங்க பாட்டுக்குப் போங்க."

வீட்டு வாசலில் கார் நின்றபோது மனைவி, ஹாரனைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தயாராக, மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, டாக்டர் உங்க சீட்டுல உக்காந்திருக்காங்க?"

"ஒண்ணு" என்றார் மாஸ்டர்.

"என்னது ஒண்ணு?"

"ஒண்ணுதாம்மா தெளிவா இருக்கு. கிளம்பு."

அவள் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கால் தன் செருப்பிலும் மறு கால் அவர் செருப்பிலுமாகக் காரில் ஏறினாள். கிளினிக் போய்ச் சேரும்வரை அவளுக்கு அது தெரியவில்லை.

ஊசி ஏறியபோது ஹாரன் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் அழ ஆரம்பித்தார்கள். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு மாஸ்டரை எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். இப்போது அவர்தான் மாஸ்டர்.

"காய்ச்சல் வந்தா இந்த மருந்து குடுங்க. அதனால வலிப்பு வராதுன்னு இல்ல, பிள்ளைக்குச் சங்கடம் குறையும். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. பிடிச்சு அழுத்தாதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா நேரா பெரிய ஆஸ்பத்திரி. அதுக்குள்ள நின்னுட்டா எனக்கு போன் பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க. எங்கே, சொல்லுங்க?"

மாஸ்டர் ஒப்பித்தார். "பிடிச்சு அழுத்தாதீங்க" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.

அடுத்த வாரம் முழுக்க மாஸ்டர் தலையணையை வைத்து ஒத்திகை பார்த்தார். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து, தலையணையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுவர்க்கடிகாரத்தை முறைப்பார். அந்தத் தலையணைக்கு வந்த அளவு வலிப்பு உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது. ஹாரனுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய், தானும் பக்கத்தில் போய் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு சிரிப்பாள். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. நாள் ஆக ஆக, ஒன்றும் இல்லாமலே போய்விடும்போல் இருக்கிறதே என்று இருவருமே நினைக்கத் தொடங்கினார்கள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

காய்ச்சல் ஒரு சாயங்காலம் வந்தது. டாக்டர் சொன்ன கெடுவுக்குள்தான் வந்தது. மருந்து கொடுத்தார்கள். ஹாரன் அப்பாவின் மடியில் சுருண்டு, பூனையைப் பார்க்க வேண்டும் என்று முனகிக்கொண்டிருந்தாள். முனகல் நின்றது. மாஸ்டருக்கு அந்த நிசப்தம் தெரியும்.

கண் செருகியது. கை கால் வெட்டத் தொடங்கியது. மனைவி சமையலறை வாசலில் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். மாஸ்டர் மகளைத் தரைவிரிப்பில் கிடத்தி, ஒருக்களித்துத் திருப்பி, பக்கத்திலிருந்த கரண்டியைத் தள்ளிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். பிடித்து அழுத்தவில்லை. முதுகில் ஒரு கையை மட்டும், பாரம் படாமல், வைத்திருந்தார். "அப்பா இருக்கேன்டா, அப்பா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் நடுங்கியது. கால் மடங்கி, சும்மா கிடந்தது.

ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது. கடிகாரத்தின் கணக்கில் ரொம்ப நேரம் இல்லை. வெட்டுவது தளர்ந்தது, நின்றது. குழந்தை ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். அப்புறம் ஒன்றுமில்லை. இருவரும் மூச்சு விடாமல் அவள் வாயையே பார்த்தார்கள்.

ஹாரன் அடித்தது.

எதிர்வீட்டு மதிலிலிருந்து பூனை குதித்து ஓடியது. மனைவி துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து மகளை வாரி அணைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதாள். மாஸ்டர் டாக்டருக்கு போன் போட்டு, நடந்ததை வரிசையாக, தெளிவாகச் சொன்னார். தன் குரலைக் கேட்டுத் தானே ஆச்சரியப்பட்டார்.

டாக்டர் கிளினிக்கில் குழந்தையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், டார்ச்சை ஆட்டி ஆட்டிக் கண்ணைப் பார்த்தார். ஹாரன் அந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தர மறுத்தாள். "இவளுக்கு ஒண்ணுமில்ல. நீங்க ரெண்டு பேரும் தண்ணி குடிங்க" என்றார் டாக்டர். மாஸ்டர் கிளம்பும்போது வாசலில் நின்று, "இந்த ஊசி இன்னொரு தடவை உண்டாமே, அது எப்போ டாக்டர்?" என்று கேட்டார். மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் சலவைக் கடையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கடைக்காரர் மகன், எலும்பும் தோலுமாக, மடித்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா அவனைக் கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு அருகில் வந்து, அவன் வலது காதுப் பக்கம் குனிந்து கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்த்தான். காரில் இருந்த இருவரும் அதைப் பார்த்தார்கள்.

ரயில் கேட் மூடியிருந்தது. மாஸ்டர் நிறுத்தக் கோட்டுக்கு வெகு முன்னாலேயே காரை நிறுத்தினார். பின்சீட்டில் மனைவியின் மடியில் ஹாரன் டார்ச்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டர் அதை அவளிடமே விட்டுவிட்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் மனைவி. எத்தனையோ பேருக்குப் பார்வை சோதித்தவளின் குரல் அன்றைக்குச் சின்னதாக இருந்தது. "போடாமலே இருந்திருக்கலாமோ? நான்தான் உங்களைப் போட்டு அவசரப்படுத்தினேனோ?"

இந்தக் கேள்விக்கு மட்டும் மாஸ்டருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வரலாம்னு தெரிஞ்சுதானே போட்டோம். வந்துச்சு. நாம ரெண்டு பேரும் கூடவே இருந்தோம், அது போயிடுச்சு. நீ ஒருத்தியா போடல, நான் ஒருத்தனா போடல. இன்னொரு தடவை கேட்டாலும் ஒண்ணுதான் சொல்வேன்."

அவள் முன்னால் சாய்ந்து அவர் தோளில் நெற்றியை வைத்தாள். ரயில் வந்தது, ஹாரன் டார்ச்சை அதன்மேல் அடித்துக் கத்தினாள், ரயில் போனது. கேட்கீப்பர் படியில் நின்றபடி காருக்குள் எட்டிப் பார்த்து, ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னிக்குச் சரியான இடத்துலதான் நிக்கிறே" என்று சொல்லிக் கேட்டைத் தூக்கினார்.

எதிர்ப்பக்கம் இடம் இருக்கிறதா என்று மாஸ்டர் பார்த்தார். இருந்தது. முதல் கியரைப் போட்டு, மெதுவாக, எங்கும் நிற்காமல் தாண்டினார்.